முதலில் தொட்ட கை

"வாசி டீச்சர்!"

சொல்லி முடிக்கும் முன்பே கிருஷ்ணராஜின் கை ஜீவராணியின் கன்னத்தில் இறங்கியது. அவளுடைய மூக்குக்கண்ணாடி மேசையில் பரப்பியிருந்த ஏடுகளின்மேல் போய் விழுந்தது.

பூனாகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பாழடைந்து கிடந்த பழைய துரை பங்களா அது. பட்டப்பகலிலேயே பனி உள்ளே புகுந்து மங்கலாக இருந்தது. ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த அவள் கணவன் எட்வர்டுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

யாருக்கும் வாசிக்கத் தெரியாத பழைய எழுத்துகளின் வடிவங்களை ஆராய்கிற பெண் என்று போன மாதம் பத்திரிகையில் ஜீவராணியின் படம் வந்திருந்தது. அந்தப் படமே வினையாகிப் போனது. பண்டாரவளைச் சந்தையில் காய்கறிப் பையோடு நின்ற இருவரையும் வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இந்த ஏடெல்லாம் கூரைக்குள்ள தகரப் பெட்டியில இருந்துச்சு. பெட்டிய மொதல்ல தொட்டது இந்தக் கை. அதனால பெரிய பங்கு எனக்குத்தான்" என்றான் கிருஷ்ணராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பின்னால் நின்ற அவனுடைய ஆட்கள் ஜொனியும் சுரேஸும் முகத்தைச் சுளித்தார்கள்.

"பின்னால புதையலுக்குக் குழி வெட்டியாச்சு. புதையலக் காக்குற பேய் பலி கேக்கும். யாரு ரத்தம் வேணும்னு இதுல இருக்கும். இல்லன்னா உன் புருசன் கழுத்துதான்."

சொல்லிவிட்டுக் கிருஷ்ணராஜ் கவ்வாத்துக் கத்தியை எட்வர்டின் தொண்டையில் வைத்தான். தேயிலைச் செடியின் முற்றிய கிளையை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி.

ஜீவராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அகலமான மரப்பட்டைகள். அவற்றின் உட்புறம் முழுக்கச் செதுக்கினாற்போல் நெருக்கமான கோடுகள். இவ்வளவு பயத்திலும் தொழில் புத்தி போகவில்லை. ஏதாவது ஒரு வடிவம் இரண்டாவது தடவை வருகிறதா என்று தேடினாள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

ஒரு கோட்டை விரலால் தொடர்ந்தாள். நூல்போல மெலிதாகத் தொடங்கி, போகப் போகத் தடித்து, சின்னதொரு வட்டத் துளையில் போய் முடிந்தது. அடுத்ததும் அப்படியே. விரல் நுனியில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே எட்வர்டின் உயிர் போய்விடும்.

"என்ன முழிக்கிற?" என்று கிருஷ்ணராஜ் கண்ணைக் காட்ட, சுரேஸ் குழி தோண்டிய இரும்பு அலவாங்கை ஓங்கி எட்வர்டின் முழங்காலில் போட்டான். எட்வர்ட் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன.

"அடிக்காதீங்க! வாசிக்கிறேன்!"

மூவரும் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள்.

"இங்க பாருங்க. நடுவுல ஒண்ணு, அதுலேருந்து விரல் மாதிரி கோடு பிரியுது. இது கை. முடியிற எடத்துல இந்த வட்டம் இருக்குல்ல, எல்லா ஏட்டுலயும் வருது. இது ரத்தம். தலையில மெலிசா ஒத்தக் கோடு இருக்கே, அதுக்கு 'மொதல்'னு அர்த்தம்."

"சேத்துச் சொல்லு!"

அவள் கிருஷ்ணராஜைப் பார்க்கவில்லை. ஜொனியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"பெட்டிய மொதல்ல தொட்ட கைக்காரன் ரத்தம்தான் வேணுமாம். வேற ரத்தம் விழுந்தா, தோண்டுனவங்க எல்லாருமே செத்துருவாங்களாம்."

முதலில் ஜொனிதான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, நீங்கதானே மொதல்ல தொட்டீங்க?"

"நா இல்லடா! சுரேஸ்தான் மொதல்ல கூரையில ஏறுனான்!"

"பொய் சொல்லாதீங்கண்ணே" என்றான் சுரேஸ். "இப்பத்தான் பெருசா பீத்திக்கிட்டீங்க."

சிறிது முன்புவரை நிமிர்ந்து நின்ற நெஞ்சு ஒடுங்கிப்போனது. கிருஷ்ணராஜ் கத்தியை வீசினான். அது ஜொனியின் தோளில் இறங்கி எலும்பில் சிக்கிக்கொண்டது. கிருஷ்ணராஜ் அதைப் பிடுங்குவதற்குள் சுரேஸின் அலவாங்கு அவன் மண்டையில் விழுந்தது. கீழே சரிந்தவன்மேல் இன்னொரு அடி. அதற்குப் பிறகு கிருஷ்ணராஜிடமிருந்து முனகல்கூட இல்லை.

"ரத்தம் காயுறதுக்குள்ள குழிக்குக் கொண்டு போகணும்! இழுடா!" என்று கத்தினான் ஜொனி.

சுரேஸ் பிணத்தின் கால்களைப் பிடித்து இழுக்க, ஜொனி தோளில் சிக்கிய கத்தியைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு, காயத்தைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே தள்ளாடி ஓடினான். புதையல் வெறியில், பிடித்துக்கொண்டு வந்த இருவரையும் அவர்கள் மறந்தே போனார்கள்.

ஜீவராணி தரையில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். நொண்டிய எட்வர்டைத் தோளில் தாங்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்து எழும்பி ரோட்டுக்கு வந்து சேர்ந்தாள். முட்டைக்கோவா மூட்டைகள் ஏற்றிக்கொண்டு வந்த லொறி ஒன்று நின்றது. லொறிக்காரன் நல்ல மனிதன், ரத்தத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் பின்னால் ஏற்றிக்கொண்டான்.

லொறி வளைவு தாண்டிய பிறகுதான் எட்வர்டுக்குப் பேச்சு வந்தது. காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"கண்ணு முன்னால ஒருத்தன அடிச்சே கொன்னுட்டானுங்களே, ஜீவா. எழுதியிருந்தத அப்புடியேவா வாசிப்ப? கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஜீவராணி விரல் நுனியில் ஒட்டியிருந்த மரத்தூளைச் சேலையில் துடைத்தாள்.

"அதுல எழுத்தே இல்லங்க. எல்லாம் புழு அரிச்ச தடம்."