காலித் தட்டு

"இந்த ஆள் வந்த பிறகுதான் ஊரே கெட்டுப்போச்சு! இவனுக்கு எதுக்குய்யா நம்ம வரிப்பணத்துல சம்பளம்?"

அமெரிக்காவின் மெயின் மாகாணத்து ஆலை ஊர் ஒன்றில், பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மார்ச் மாத ஊர்க்கூட்டம். கத்தியவர் நிர்வாகக் குழு உறுப்பினர் லூசியன் பெலாஞ்சே. திட்டு வாங்கியவர் ஊரின் ஒரே போலீஸ்காரர் நார்மன்ட் சீர். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை இருக்குமா போகுமா என்பது இன்றைய ஓட்டில்.

"வேலை நேரத்துல வீடு வீடாப் போய் ஆப்பிள் பை பலகாரம் தின்னுட்டுத் திரியறான். எப்பப் பார்த்தாலும் கையில எவ வீட்டுத் தட்டாவது இருக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்னை நம்ப வேண்டாம். படிச்சவங்களைக் கேளுங்க!"

டெல்ஃபின் எழுந்தாள். போர்ட்லண்டில் சமூகவியல் பேராசிரியை. பிறந்தது இந்த ஊர்தான், ஆனால் இங்கே ஓட்டில்லை. அதனால் வெளியூர்க்காரர் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கூட்டம் அனுமதித்தால்தான் வாயைத் திறக்கலாம். அனுமதித்தார்கள்.

"ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு வந்தா, முன்னதுதான் காரணம்னு சொல்லிடக் கூடாது. என் வகுப்புல முதல் பாடமே அதுதான். அதனால எல்லாத்தையும் சலிச்சுப் பார்த்தேன். ஆலை மூடலை. குடி கூடலை. பக்கத்து ஊர்ல எந்த மாற்றமும் இல்லை. இங்க மட்டும், இவர் வந்த பிறகு, வீட்டுச் சண்டைப் புகார் இரட்டிப்பாயிடுச்சு. பெயர் இல்லாத வெறும் எண்ணிக்கைதான் என்கிட்ட இருக்கு. ஆனா காரணம் இவர்தான், சந்தேகமே இல்லை."

"கேட்டீங்களா!" என்று துள்ளினார் பெலாஞ்சே.

"நார்மன்ட், ஏதாவது சொல்லுப்பா" என்றார் கூட்டத் தலைவர்.

"சொல்றதுக்கில்லைங்க. அது என் சொந்த விஷயம் இல்லை."

ஒழியட்டும் என்றிருந்தது டெல்ஃபினுக்கு. தப்பு இல்லாதவன் வாயைத் திறக்க மாட்டானா?

மதியச் சாப்பாட்டுக்குப் பீன்ஸ் பரிமாறக் காத்திருந்த கிளாடெட், பின்னாலிருந்து கரண்டியோடு முன்னால் வந்தாள். டெல்ஃபினின் அக்கா.

"நான் பேசணும்."

"கரண்டியைக் கீழ வெச்சுட்டுப் பேசும்மா" என்றார் தலைவர்.

அவள் வைக்கவில்லை. "டெல்ஃபின், அந்தப் புகார்ல ஒண்ணு என்னுது."

டெல்ஃபின் அக்காவை நோக்கித் திரும்பினாள்.

"அக்கா! அத்தான் மரம் வெட்டற வேலைக்குக் காட்டுக்குப் போயிருக்கார்னு..."

"உன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். வீட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு." கிளாடெட் நார்மன்டைப் பார்த்தாள். "இவர் கையில இருக்கறது எவ வீட்டுத் தட்டும் இல்லை. கடையில அவரே வாங்கின காலித் தட்டு. 'உங்க தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்'னு வாசல்ல வந்து நிப்பார். புருஷனுக்கும் சந்தேகம் வராது, அக்கம்பக்கமும் கவனிக்காது. தட்டுக்கு அடியில அவர் போன் நம்பர் ஒட்டியிருக்கும். ரகசியத்தை உடைச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க நார்மன்ட்."

"பரவாயில்லைங்க. வேற வழி யோசிச்சுக்கலாம்" என்றார் அவர், தொப்பியைத் திருப்பியபடி.

டெல்ஃபின் இன்னும் விடவில்லை. "ஆனா புகார் எல்லாம் இவர் வந்த பிறகுதானேக்கா..."

"நீ எண்ணினது போனை, அடியை இல்லைடி. அடி கல்யாணம் ஆன நாள்லேர்ந்து விழுந்துட்டுத்தான் இருந்துச்சு. போன் பண்றதுதான் புதுசு."

டெல்ஃபின் ஓடிப்போய் அக்காவைக் கரண்டியோடு கட்டிக்கொண்டாள். "இப்ப எப்படிக்கா இருக்கே?"

"நிம்மதியாத் தூங்கறேன்டி."

அப்பாடா! ஊரறியத் தன் ஆராய்ச்சி கவிழ்ந்ததில் டெல்ஃபினுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

"நார்மன்ட் வேலையில தொடரலாம்னா, ஓட்டு உள்ளவங்க கையில இருக்கற பச்சை அட்டையைத் தூக்குங்க" என்றார் தலைவர்.

முதலில் பெண்கள் சிலர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு கூடம் முழுக்கப் பச்சை.

எண்ணிக்கொண்டே வந்த தலைவர், அட்டை இல்லாமல் உயர்ந்திருந்த ஒரு கையைப் பார்த்து நின்றார்.

"பேராசிரியரம்மா, வெளியூர்க்காரங்க கை கணக்குல வராது. இறக்குங்க."

"தெரியும் சார்" என்றாள் டெல்ஃபின், கையை இறக்காமல். "கணக்குல வராததும் நிறைய இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."