சாமந்திக்கு வேண்டிய இருட்டு

புற்றில் காது வைத்தாள்.

உள்ளே ஈசல் முட்டிக்கொண்டிருந்தது.

வரப்பில் நாலு புற்று. மதியம் மழை விட்டதுமே நாலும் வாய் திறந்துவிட்டன. தலை பெருத்த கறையான்கள் வாசலில் வந்து காவல் நின்றன. அப்போதே களிமண் குழைத்து நாலையும் அடைத்துவிட்டாள். அடைத்துவைத்தால் உள்ளேயே நெரியும். திறக்கும்போது மொத்தமாய் வரும்.

ஈசல் பிடிக்கிற எல்லோரும் செய்கிறதுதான்.

பிறகு புற்றின்மேல் கம்பளியைக் கூடாரம்போலக் கட்ட வேண்டும். உள்ளே ஒரு குழி. குழிக்குள் ஒரு விளக்கு. வெளிச்சத்துக்குப் பறந்து குழியில் விழும். வறுத்துப் பொரியில் கலந்து கொடுத்தால் பிள்ளைகள் நாலு நாளைக்கு வேறு தீனி கேட்காது.

நாத்தனார் மாதம்மா கம்பளியோடு வந்தாள்.

"விளக்கு எங்க அண்ணி?"

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

கல்யாண மண்டபம். சித்திரையில் திறந்தது. மூன்று கம்பம், கம்பத்துக்கு ஆறு விளக்கு. இன்னும் போடவில்லை.

இரண்டு கம்பம் மண்டபத்தைப் பார்த்து நின்றது. மூன்றாவது அவளுடைய குத்தகை நிலத்துச் சாமந்தியைப் பார்த்து நின்றது.

ஆயுத பூசைக்கு வெட்ட வேண்டிய பூ. செடி இடுப்புக்கு வளர்ந்தது. இலை விட்டது. மறுபடியும் இலை. ஒரு மொட்டு இல்லை.

நுனி கிள்ளியதில் நாள் தப்பிவிட்டதோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேப்பம் பிண்ணாக்கு வைத்துப் பார்த்தாள். அதற்கும் இலைதான்.

ஒருநாள் விடிகாலை, தோட்டத்து நடுவில் மஞ்சள் தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தாள். மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ராத்திரி எங்கே விழுமோ அங்கே மட்டும் பூத்திருந்தது. தொட்டி வடிவத்திலேயே. தொட்டியின் நாலு கால்கூடத் தனித்தனியாய்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஓசூரில் பூ வளர்க்கும் பசுமைக்குடிலில் இரண்டு வருடம் கூலிக்குப் போனவள். மொட்டு முந்திவிடக் கூடாது என்றால் அங்கே ராத்திரியில் பல்பு எரிப்பார்கள். சாமந்திக்கு நீளமான இருட்டு வேண்டும். இல்லையென்றால் காலம் இன்னும் வரவில்லை என்று நம்பிக்கொண்டு இலையாய் விட்டுக்கொண்டே இருக்கும்.

மண்டபத்து மேனேஜர் முனிராஜிடம் போய்க் கேட்டாள். அணைக்கச் சொல்லவில்லை. ஒரு கம்பத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னாள்.

"ராத்திரியும் களை எடுக்க ஓசியில வெளிச்சம் குடுத்திருக்கேன். கும்புடு போட வந்தீங்கன்னு பாத்தேன்க்கா."

சமையல்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அவனும் சிரித்துவிட்டுச் சொன்னான்: "பூக்காத நெலத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க? நெலத்துக்காரர்கிட்ட பேசியாச்சு. தை பொறந்தா அது கார் நிறுத்துற எடம்."

மறுநாள் விளக்கு திரும்பித்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் தோட்டத்துப் பக்கம்.

தொட்டி நிழலும் தோட்டத்தைவிட்டு நகர்ந்துபோனது.

புளியமரத்துக் காக்கை பாதி ராத்திரியில் கரைந்தது. தவளைச் சத்தம் நின்றுபோனது. சின்ன மகள் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு படுத்தாள். தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய்த் தூங்கினாள்.

இன்றைக்கு மண்டபத்து முதலாளி மகளுக்கு வரவேற்பு. மழை விட்டதால் பந்தியை வெளியில் புல்தரையில் போட்டிருந்தார்கள்.

கார் வந்தது. மணப்பெண் இறங்கினாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, சேற்றைத் தாண்டி, தாண்டியதற்குத் தானே சிரித்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கம், அவள் புற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன அண்ணி பண்ணுச்சு?" என்றாள் மாதம்மா.

ஒன்றும் பண்ணவில்லை.

கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது விளக்கைப் போட்டார்கள்.

முதலில் மூன்றாவது கம்பம்.

அவள் நிழல் செடிகளின்மேல் போய் விழுந்தது. செடி எல்லாம் பச்சைப்பசேல் என்று நின்றது.

களிமண்ணைப் பெயர்த்தாள்.

ஈசல் புகைபோல எழுந்தது. மூக்கில், காதில், முடியில் உரசிக்கொண்டு போனது. ஒன்றுகூட அவள் பக்கம் நிற்கவில்லை. நேராய் வேலியைத் தாண்டியது.

முதலில் யாரோ சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் ஒரு குழந்தை அலறியது. நாற்காலி சாய்ந்தது. பாட்டுக் கச்சேரிக்காரன் பாதியில் நிறுத்திக் காறினான்.

"எலையில விழுது! பாயசத்த மூடு!"

"ஏய், தலையில, தலையில!"

மாதம்மா சிரிப்பை அடக்கக் கம்பளியைக் கடித்துக்கொண்டாள்.

முனிராஜின் குரல் கேட்டது. "அணைடா! எல்லாத்தையும் அணை!"

முதல் கம்பம். இரண்டாவது.

மூன்றாவது.

தன் கையே அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவை. பின்னால், செடிகளுக்குள் எங்கேயோ ஒரு தவளை தொண்டையைச் செருமியது.

இருட்டில் முனிராஜ் ஒவ்வொருவராய்ச் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தான்.

"பத்து நிமிசம் சார். பூச்சி போகட்டும். ஒடனே போட்டுடலாம்."

அவள் தவழ்ந்து அடுத்த புற்றுக்குப் போனாள். களிமண்ணில் விரலைப் பதித்தாள்.

பெயர்க்கவில்லை.

விளக்கு மறுபடி எரியட்டும் என்று மூன்றாவது கம்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.