ராணி தலையில் இரண்டு பேர்

ஒரு நாடகப் பெட்டிக்குள்ளே தகரக் கிரீடம் ஒன்று இருந்தது. எந்தத் தலையிலும் அது நிற்காது. இந்தத் தடவையும் மேடையில் விழுந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தக் கவலையில் அது பக்கத்தில் கிடந்த பெரே என்ற தட்டையான கம்பளித் தொப்பியிடம் எரிந்து விழுந்தது.

"ஆறிப்போன தோசை மாதிரி கிடக்கிறியே, உன்னை எவன்டா தலையில வைப்பான்?"

"யாரு வைக்கலை ராசா? முதல்ல ஒரு பட்டாளத்துக்காரர். வெந்நீர்ல முக்கி, ஈரத்தோட போட்டுத் தலையிலேயே காயவிட்டார். அவர் மண்டைக்கு அச்சா உட்கார்ந்துட்டேன். அப்புறம் படம் வரையிறவர் ஒருத்தர், காது வரைக்கும் சாய்ச்சு விட்டுக்குவார். மலையில ஆடு மேய்க்கிற அம்மா, குளிருக்குப் போட்டுக்கிட்டே தூங்கிடும்."

"அத்தனை பேருக்குமா பொருந்தினே?"

"திரும்பத் திரும்ப நனைஞ்சேன், அவ்வளவுதான்."

கிரீடத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

அன்றைக்கு ராணி வேஷம் செல்லக்கிளிக்கு. காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தாள். கிரீடத்தை வைத்ததும் வழுக்கி மூக்கில் வந்து நின்றது. தொலைந்தேன் என்று நடுங்கியது கிரீடம். அவளோ பெட்டியைத் துழாவி, பெரே தொப்பியை எடுத்து இழுத்து மாட்டி, அதன்மேல் கிரீடத்தை அழுத்தி வைத்தாள்.

"நல்லா உட்காருங்க ராசா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றது தொப்பி.

மேடையில் ராணி வாளைச் சுழற்றிச் சுழன்று ஆடினாள். கிரீடம் இம்மியும் அசையவில்லை. கைதட்டல் காதைப் பிளந்தது. கிரீடம் மூச்சை அடக்கிக்கொண்டு, கீழே இருந்த தொப்பியிடம் மெதுவாகக் கேட்டது:

"சாமி, உங்களுக்கு நான் கனக்கலையே?"