கீறல் இல்லாத வண்டி

ஞானதுரை இறந்த மறுமாதமே அவருடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட முடிவு செய்தாள் மனைவி சகாயமேரி. வாங்க வந்தவர் அந்த முப்பது வருடத்து வண்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லையே! வண்டியையே இப்படித் தாங்கினவர் உங்களை எப்படித் தாங்கியிருப்பாரும்மா!" சகாயமேரிக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு வலி எடுத்த அன்னைக்கு நல்ல மழை. வண்டி நனைஞ்சிடும்னு என்னை டவுன் பஸ்ல ஏத்திவிட்டார். பொண்ணு பஸ்லயே பிறந்தா. கண்டக்டர்தான் தன் துண்டுல சுத்திக் குடுத்தார்" என்றாள். வந்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வாசல்வரை போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஷோரூமில் ஒரு மின்சார ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுத்தாள். பின்னால் ஒருத்தர் வசதியாக உட்காரலாமா என்பதை மட்டும்தான் கேட்டாள். சாவியைக் கொடுத்த விற்பனையாளன், "சீட்டு மேல இருக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்துடாதீங்க மேடம். எத்தனை வருஷமானாலும் வண்டி புதுசாவே இருக்கும்" என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அந்த உறையைக் கிழிக்கத் தொடங்கினாள்.