ஏவ்ரிலின் நீலம்

நோக்ஸின் கையிலிருந்த உப்புத்தாளைச் செட்ரிக் பிடுங்கினார்.

"நீ தடவிக் கொடுத்தது போதும். தள்ளு."

பெயின்ட் பட்டறை நோக்ஸுடையதுதான். ஆனாலும் ஒதுங்கிக்கொண்டான். எண்பது வயதுக்காரர் ஈரத் தரையில் முழங்காலிட்டு, தன் காரின் கதவை அடிக்கிற மாதிரி தேய்க்கும்போது குறுக்கே போக யாருக்குத் துணிச்சல் வரும்?

அது ஆஸ்டின் ஹீலி. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். பக்கவாட்டில் முன்சக்கரத்திலிருந்து வால்வரை ஓடும் மடிப்புக்கு மேலே கறுப்பு, கீழே இளநீலம். ஆபிங்டன் ஊரில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது.

முழுக்கக் கறுப்பாக்கிவிடு, ஒரு பொட்டு நீலம் இருக்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார். மதியம் வந்து பார்த்தால் ஒரு கதவுகூட முடியவில்லை.

மனைவி ஏவ்ரில் வசந்தத்தில் அவரை விட்டுப் போனாள். சண்டை எதுவும் இல்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "அடுப்புல கோழி வேகுது. தோல் செவந்ததும் எடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான். கோழி கரியாகும்வரை செட்ரிக் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் விட்பி கடற்கரையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பது பிற்பாடு மகள் சொல்லித்தான் தெரியும்.

அன்றிலிருந்து கார்க் கொட்டகையைத் திறக்கும்போதெல்லாம் அந்த நீலம் அவரைப் பார்த்தது.

அவளுக்கு என்ன குறை வைத்தார்? கல்யாணமான புதிதில் வாங்கிய கார். முழுக்கக் கறுப்பாக இருந்ததை அவளுக்காகத்தான் பாதி மாற்றினார். கார் கிளப்பில், மது விடுதியில், மகள் ஹெதரின் கல்யாண விருந்தில்கூட எழுந்து நின்று அதைச் சொல்லியிருக்கிறார்.

"மேல்பாதி என் பிடிவாதம். கீழ்ப்பாதி இவ பிடிவாதம். நடுவுல ஓடுதே கோடு, அதுதான்யா கல்யாணம்!"

எல்லோரும் சிரிப்பார்கள். ஏவ்ரில் பக்கத்தில் நின்று ஃபிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

செட்ரிக் இன்னும் அழுத்தித் தேய்த்தார். நீலம் பொடியாக உதிர்ந்து சட்டைக் கையில் அப்பியது.

நோக்ஸ்தான் தகவல் சொல்லியிருக்க வேண்டும், ஹெதர் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"உங்கம்மாவைத் தொடைக்கிறேன்."

"அது அம்மா ஆசையா கேட்ட கலர்ப்பா."

"ஆசையா கேட்டவ எங்க? போயிட்டா இல்ல? அவளே வேணாம்னு போனப்புறம் அவ நீலம் எனக்கெதுக்கு?" அவர் திரும்பவே இல்லை. "என் வண்டில பாதியை விட்டுக் குடுத்தேன்டி. கிளப்ல எவன் குடுத்தான் சொல்லு. பொண்டாட்டி கைப்பை வைக்கக்கூட எடம் தரமாட்டானுங்க, தடிப்பசங்க!"

ஹெதருக்கும் கோபம் வந்துவிட்டது. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றபடியே போனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டு, அவர் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

முதலில் கடற்பறவைகளின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு ஏவ்ரில்.

"அம்மா, அப்பா உன் நீலத்தைச் சுரண்டிக்கிட்டிருக்கார்."

"எந்த நீலம்?"

"கார்லம்மா. நீ கேட்டு அடிச்ச நீலம்."

"நான் எங்கடி நீலம் கேட்டேன்?" ஏவ்ரில் லேசாகச் சிரித்தாள். "பச்சைன்னு சொன்னேன். பட்டறை வாசல்ல நின்னு சொன்னேன். சரி சரின்னு தலையாட்டிட்டு உள்ள போனார். வண்டி நீலமா வந்துது."

செட்ரிக்கின் கை நின்றது.

"அவர் சுரண்டணும்னா சுரண்டட்டும். முட்டியைப் பார்த்துக்கச் சொல்லு, ஈரத்துல உக்காந்திருப்பார். வைக்கிறேன்மா, கடல்ல தண்ணி எறங்குது, நடக்கப் போகணும்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"பொய்!" என்று கத்தினார். உப்புத்தாளைச் சுவரில் வீசினார். "பொய் சொல்றா! நீலம்னுதான் சொன்னா! நான் பக்கத்துலயே நின்னேன்!"

நின்றார்தான். பட்டறை வாசல், மழை, தன் புதுத் தோல் சட்டை, பெயின்ட் வாடை எல்லாம் அப்படியே நினைவுக்கு வந்தன. பக்கத்தில் ஏவ்ரிலும் வந்தாள். ஈரத் தலைமுடி. அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்பது மட்டும் கேட்கவில்லை. எவ்வளவு காதைத் தீட்டினாலும் கேட்கவில்லை.

"மிச்சத்தையும் எடுத்துடவா சார்?" நோக்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

செட்ரிக் அவனை எரித்துவிடுவது போல் பார்த்தார். கதவைப் பிடித்து எழுந்தார். எழுவதற்கே நேரமானது.

"எந்தப் பச்சைன்னு கேளு" என்று மகளை அதட்டினார்.

"என்னப்பா?"

"எந்தப் பச்சை! பாசிப் பச்சையா, ஆப்பிள் பச்சையா? கேளுடி!"

ஹெதர் எண்ணை மறுபடி அழுத்தி, போனை அவர் கையிலேயே கொடுத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடு" என்றார் செட்ரிக், பல்லைக் கடித்துக்கொண்டு. "எடுத்துத் தொலையேன், ஏவ்ரில்."