ஒரு பாயிண்ட் பாக்கி

வளையம் மறுபடி அவள் கைக்கு வந்தது.

பிடித்த கையாலேயே திருப்பி எறிந்தாள். யோசிக்கவில்லை. காலையிலிருந்து யோசிக்காமல் செய்த ஒரே காரியம் இதுதான்.

ஐந்து பீரியட் நின்ற கால். கெண்டைச்சதை இழுத்தது. விரல்களில் இன்னும் சாக்பீஸ் தூசி.

ஆசிரியைகளுக்கான வளையப்பந்து. இறுதி ஆட்டம். வலைக்கு அந்தப் பக்கம் நசீமா. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள்.

இந்தப் பக்கம் அவளுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் போதும். ஜெயித்தால் எவர்சில்வர் தூக்கு. அலமாரியில் அதுபோல் எத்தனையோ கிடக்கின்றன.

நாத்தனார் குடும்பம் இந்நேரம் வந்திறங்கியிருக்கும். மாவு பிசைய வேண்டும். படுக்கை விரிக்க வேண்டும். சிரிக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே கணவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

முடிந்ததும்.

இங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. வளையம் வந்தது. போனது. அது மிதந்து இறங்கும் இடத்துக்கு உடம்பு தானாகவே போய் நின்றது.

இத்தனை களைப்புக்கு அடியில் உடம்பு ஒரு ஆசையை ஒளித்து வைத்திருந்தது. அவளிடம்கூடச் சொல்லாமல்.

நசீமா உயரமாக எறிந்தாள். வளையம் தலைக்கு மேலே போய், பின்கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது.

மணலில் அரைவட்டமாகத் தடம்.

கோடு பார்க்கத் தனி ஆள் கிடையாது. யார் பக்கம் விழுகிறதோ அவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. இந்தப் பள்ளியில் எப்போதும் அப்படித்தான்.

அவள் குனிந்து வளையத்தை எடுத்தாள். எடுக்கும்போது கால் பட்டுத் தடம் கலைந்தது.

பி.டி. சார் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "வெளியதானே டீச்சர்?"

"இல்ல சார். உள்ளதான்."

பாயிண்ட் நசீமாவுக்குப் போனது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

வளையத்தை வாங்கிக்கொள்ள நசீமா வலையருகே வந்து, அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என்னக்கா, உங்க வீட்டுலயும் விருந்தாளியா?"

அவள் வளையத்தை நீட்டினாள்.

நசீமா திரும்பி நடந்தாள். அவசரமே இல்லை. கோட்டருகே போய் நின்று, பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

ஒரு காலை.

பிறகு, மெதுவாக, இன்னொரு காலை.