இன்னும் ஒரே ரன்

“அசைஞ்சீங்க, அவ்வளவுதான்!”

கழுத்தருகே சவரக்கத்தி அப்படியே நின்றது. நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். இடது கன்னம் மழமழவென்று இருந்தது. வலது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து இழுத்தது.

“அண்ணே, பதினோரு மணிக்குப் பதிவு ஆபீஸ்ல எனக்குக் கல்யாணம். மீதிப் பாதியையும் வழிச்சு விட்டுடுங்க.”

“கல்யாணம் எங்கே ஓடிடப் போகுது? அங்கே ஒருத்தன் தொண்ணூத்தொம்பதுல நிக்கிறான்.” சலூன்காரரின் கண் டிவியை விட்டு நகரவில்லை. “இப்பப் போய் யாராவது அசைஞ்சா விக்கெட் போயிடும்.”

பெஞ்சில் செருப்பு மாட்டக் காலைத் தூக்கிய பால்காரர் தூக்கியபடியே உறைந்திருந்தார். பக்கத்தில் தையல்காரர் வந்த கொட்டாவியைப் பாதியில் விழுங்கினார்.

டிவியில் ஒன்றுமே நடக்கவில்லை. பந்து வந்தது, பேட்ஸ்மேன் தடுத்தார். மறுபடி வந்தது, தொடாமல் விட்டுவிட்டார். பிறகு கையுறையைக் கழற்றி மாட்டினார், தரையைத் தட்டினார், வானத்தைப் பார்த்தார்.

“இதுல என்னண்ணே இருக்கு? கல்லு மாதிரி நிக்கிறாரு.”

“அதான் மாப்ளே அழகு. எப்ப வேணா எதுவும் நடக்கலாம்.”

“எப்ப நடக்கும்?”

“அது தெரிஞ்சா எவன் உட்கார்ந்து பார்ப்பான்?”

மடியில் இருந்த போன் அலறியது. அக்கா. “எடுக்காதீங்க!” என்று மூன்று பேரும் உதடு அசையாமல் உறுமினார்கள். மாப்பிள்ளை ஒற்றை விரலால் தட்டினார்.

“டேய், பொண்ணு வந்து உட்கார்ந்தாச்சு. ஆபீசர் வாட்சைப் பார்க்கிறாரு. எங்கடா தொலைஞ்சே?”

பாதி முகத்தோடு போனாலும் பரவாயில்லை என்று மாப்பிள்ளை எழுந்தார். அந்த நேரம் பார்த்துப் பந்து மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு, பாய்ந்தவரின் விரல் நுனிக்கு அப்பால் போய் விழுந்தது. மாப்பிள்ளையின் கண்ணும் டிவியில் ஒட்டிக்கொண்டது. எழுந்தவர், நின்றும் நிற்காமலும் அந்தரத்தில் நின்றுவிட்டார்.

“டேய், கேக்குதா?”

“ஒரே ஒரு ரன்க்கா,” என்று கிசுகிசுத்தார். “அவளையும் அசையாம உட்காரச் சொல்லு.”

“வேணாண்டா, ஓடாதேடா!” தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினார். டிவியில் பந்து வீசுபவர் அப்போதுதான் பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

பந்து வந்தது. பேட்ஸ்மேன் மெல்லத் தட்டினார், ஓடினார், பாதி வழியில் வழுக்கினார். ஸ்டம்ப் சிதறியது.

கடையே இழவு விழுந்தது போலாயிற்று. பால்காரர் தூக்கிய காலை இறக்கினார். சலூன்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் வலது கன்னத்தையும் வழித்து முடித்தார்.

வாசலுக்கு ஓடிய மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி நின்றார். “விடுங்கண்ணே. அடுத்த மேட்ச்ல அடிச்சிடுவாரு.”

“எங்கே அடிக்கிறது? அவன் ஆட்டத்தை விட்டே இருபது வருஷம் ஆச்சு மாப்ளே. இன்னைக்காவது ஓடாம நிப்பானான்னு வாரா வாரம் போட்டுப் பார்க்கிறோம்!”